தாத்தா காலத்துச் சைக்கிளில் பழைய பெயிண்ட் போகாமல் துருவை மட்டும் எடுப்பது எப்படி?

கல்லிடைக்குறிச்சி வீட்டுத் தொழுவத்தில் வருடக்கணக்கில் நின்ற கறுப்பு ராலே சைக்கிள், மட்கார்டில் தங்கக் கோடு இன்னும் தெரிகிறது, மறுபெயிண்ட் அடிக்க மனசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனசை மாற்றிக்கொள்ளாதீர்கள். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் எந்தக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினாலும், "இதுக்குப் போயி இம்புட்டு மெனக்கெடணுமா? உப்புத்தாள் போட்டு ஒரு ஸ்ப்ரே அடிச்சா புதுசு ஆயிரும்லா" என்பார் அண்ணாச்சி. தினமும் பால் கேன் கட்டி ஓட்டுகிற வண்டிக்கு அது சரிதான். உங்கள் வண்டிக்கு அது ஆகாது. அந்தக் காலத்துக் கறுப்பு எனாமல் சூளையில் சுட்டு இறுகவைத்தது. அதன்மேல் இருக்கும் கோடும் எழுத்தும் மட்டும் மிக மெல்லிசு. வண்டி இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் செய்ததா, வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே கம்பெனி செய்ததா என்று நாளைக்கு யாராவது கேட்டால், அந்த எழுத்தும், ஹேண்டில்பாருக்குக் கீழே சட்டத்தின் முன்பக்கம் இருக்கும் கம்பெனித் தகடான ஹெட் பேட்ஜும்தான் சாட்சி.

துரு எல்லாம் ஒன்றில்லை. பெயிண்ட் உரிந்த இடத்தில் இரும்பிலேயே பிடித்த துரு ஒன்று. பக்கத்து நட்டு, ஸ்போக்ஸ், கேரியர் கம்பியிலிருந்து வழிந்து பெயிண்ட் மேல் படிந்த பழுப்பு இன்னொன்று. இரண்டாவதுதான் பெரும்பாலும் அதிகம் இருக்கும். பார்த்தால் மட்கார்டே போய்விட்டது போலத் தோன்றும். எண்ணெய்த் துணியால் பைய ஒரு ஓரத்தில் துடைத்துப் பாருங்கள், அடியில் கறுப்பு பளபளவென்று வரும்.

முதல் வேலை குளிப்பாட்டுவது. பிரஷர் வாஷ் வேண்டாம். தூக்கிக்கொண்டிருக்கிற பெயிண்டை அது உரித்துவிடும், பால்ரஸ் கிண்ணத்துக்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடும். பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்ட தண்ணீர், மெல்லிய துணி, பழைய டூத் பிரஷ் போதும். எழுத்துப் பக்கம் போகுமுன் ஈரப் பஞ்சை ஒரு மூலையில் ஒற்றி எடுங்கள். பஞ்சில் தங்கமோ சிவப்போ ஒட்டினால் அந்த இடத்தைத் தொடவே தொடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிச் சேற்றில் நின்ற வண்டி என்றால், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சேறு உள்ளேயே ஈரத்தைப் பிடித்துவைத்து, வெளியே தெரியாமல் குழாயைத் தின்னும்.

அடுத்து எண்ணெய். மெல்லிய மெஷின் ஆயிலைத் துரு மேல் தடவி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் மொட்டு மொட்டாக நிற்கும் துருவை மூங்கில் சிம்பாலோ பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பாலோ நெம்பி எடுக்கலாம். பாக்கிக்கு நகைப் பட்டறையில் பத்தர் வைத்திருப்பது போன்ற மெல்லிய பித்தளை பிரஷ், அதுவும் எண்ணெயோடு, அழுத்தாமல். சமையலறைக் கம்பி நார் கூடவே கூடாது. கீறுவதோடு அதன் இரும்புத் துணுக்கு சந்தில் மாட்டிக்கொண்டு புதுத் துருவை ஆரம்பித்துவைக்கும்.

இவ்வளவுக்கும் போகாத மட்கார்டு, ஸ்டாண்டு மாதிரி கழற்றக்கூடிய பாகங்களுக்கு ஆக்சாலிக் ஆசிட். பெயிண்டை விட்டுவிட்டு துருவைக் கரைப்பதில் இதுபோல இன்னொன்று கையில் கிடைப்பது அரிது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் போதும். பிளாஸ்டிக் தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தூள் மூக்கில் ஏறக்கூடாது. இது விஷம்; பிள்ளைகளும் ஆடுமாடும் வரும் இடத்தில் வைக்க வேண்டாம், கழிவைக் கிணற்றடியில் கொட்ட வேண்டாம். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று படுக்கப் போகாமல், அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அலுமினியப் பாகமும் துத்தநாகம் பூசிய கம்பியும் உள்ளே போகக்கூடாது. சட்டத்தை முக்கவும் வேண்டாம், குழாய்க்குள் தங்கும் தண்ணீரை யார் எடுப்பது? சட்டத்துக்கு அதே கரைசலில் நனைத்த துணியைத் துரு இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டிவையுங்கள்.

எடுத்தவுடன் நன்றாக அலச வேண்டும். விட்டால் மஞ்சளாக ஒரு பொடி படிந்து உயிரை வாங்கும். பிறகு ஆப்ப சோடா கலந்த தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர், உடனே துடைத்து வெயில். நம் ஊர் சித்திரை வெயிலில் பத்து நிமிடம் தாராளம். சுத்தமான இரும்பு ஈரத்தோடு இருந்தால் கண்முன்னே பழுப்பேறும்.

புளி போடலாமா என்று கேட்பீர்கள். புளியிலும் அமிலம் உண்டு, துருவை எடுக்கும், ஆனால் சக்கை சந்தெல்லாம் போய் ஒட்டும். குறிப்பாக, குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி ஹெட் பேட்ஜைத் தேய்த்துவிடாதீர்கள், அதில் ராலேயின் சின்னமாக இருக்கும் கொக்குத் தலையின் பூச்சு போய் வெறும் தகடுதான் மிஞ்சும். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அது நல்ல இரும்பையும் தின்னும், அதிலிருந்து தங்கும் குளோரைடு திரும்பத் துருவேற்றும். உவரி, இடிந்தகரைப் பக்கம் உப்புக்காற்று செய்கிற வேலையும் அதுதான்.

குரோம் ஹேண்டில்பாருக்குச் செலவே இல்லை. சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமை விட மெத்து என்பதால் கீறாது. பெயிண்டில் மட்டும் இந்த வித்தை வேண்டாம்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். கை வைத்தால் மாவு மாதிரி உதிரும் துரு போனதும் நிறுத்துங்கள். குழிக்குள் கருத்து இறுகியிருப்பதைத் தோண்டினால் சுற்றியிருக்கும் பெயிண்டும் கூடவே வரும். அந்தக் குழிகளுக்கு மட்டும், பொட்டு வைக்கும் பிரஷ் அளவில், துருவையே இறுகிய கறுப்புப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வர்ட்டர் திரவத்தைத் தொட்டு வைக்கலாம். கறுப்பு வண்டியில் அது கண்ணுக்குத் தெரியாது. பெயிண்ட் மேல் வழிந்தால் கறை போகாது.

கடைசியில் மெழுகு. கார் வேக்ஸில் தேய்ப்புத் தூள் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், 'கிளீனர் வேக்ஸ்' என்று போட்டிருந்தால் தங்கக் கோட்டை அதுவே எடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. அது காயாது, தூசியை எல்லாம் கூட்டிவைக்கும். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் உள்ளே வேர்த்துவிடும். பழைய பருத்தி வேட்டி மேல்.

ஓட்டுவதாக இருந்தால் இரண்டு விஷயம். சட்டத்தின் அடியில், பாட்டம் பிராக்கெட் பக்கம் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்டாலோ பொத்தல் இருந்தாலோ வெல்டிங் ஆளிடம் காட்டாமல் ஏறாதீர்கள். அப்புறம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கம்தான் பிடிக்கும். அங்கே மெழுகோ எண்ணெயோ ஒரு துளி படக்கூடாது.