பொத்தியாரின் கேள்வி

கேள்வி: கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் காணாமலே நண்பர்களாக இருந்ததைப் பள்ளியில் படித்தோம். நட்பின் பொருளை உணர அந்த ஒரு கதை போதுமா?

பதில்: கதையோடு நிறுத்திவிடாமல் பாடல்களையே படியுங்கள். புதல்வர்களுடன் மூண்ட பகையால் வடக்கிருந்த (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பால் உயிர்விடத் துணிந்த) சோழன், பாண்டிய நாட்டுப் பிசிரூர் நண்பர் வருவார் என்று நம்பி, 'செல்வக் காலை நிற்பினும் அல்லற் காலை நில்லலன்' (நான் செழித்திருந்தபோது வராமல் நின்றாலும், துன்பக் காலத்தில் வராமல் நிற்கமாட்டார்) என்று உறுதி சொன்னதும், அவருக்கும் இடம் ஒழித்து வைக்கச் சொன்னதும் புறநானூற்றின் 215, 216ஆம் பாடல்களில் உள்ளன. நட்புக்குக் கூடிப் பழகுதல் வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' குறளுக்கு உரையாசிரியர் பரிமேலழகர் எடுத்துக்காட்டுவதும் இவ்விருவரையே.

ஆனால், அடுத்த சில பாடல்களில் வரும் புலவர் பொத்தியாரைப் பலரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மன்னனுடன் பழகி, அவனோடு உயிர்விடத் துணிந்தவர் அவர். அவரையோ மன்னன், "உன் மனைவிக்குப் புதல்வன் பிறந்தபின் வா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறான். மன்னன் இல்லாத மூதூரின் மன்றத்தைக் கண்டு அவர் கலங்குவதை 220ஆம் பாடல் சொல்கிறது: பல ஆண்டுகள் சோறிட்டு வளர்த்த யானையை இழந்த பாகன், அது கட்டப்பட்டிருந்த தறி வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு அழுததுபோல அழுதாராம். யானையைப் பற்றி ஒரு சொல்லும் கூடுதலாக இல்லை. வெறுந்தறி ஒன்றே அத்தனை ஆண்டுப் பழக்கத்தையும் நம் கண்முன் நிறுத்திவிடுகிறது. மகன் பிறந்தபின் திரும்பி வந்தவர், நடுகல்லாகிவிட்ட நண்பனை 'அன்பிலாள' (அன்பில்லாதவனே) என்று விளித்து, 'என்னிடம் யாது?' என்று கேட்கிறார் (222). இறந்தவனிடம் தனக்குரிய இடம் எது என்று கேட்கும் அந்த உரிமையை, ஒருவரையொருவர் காணாத நட்பில் நாம் காண முடியாது. கூடவே வாழ்ந்தவருக்குத்தான் அது வாய்க்கும்.

கேள்வி: திருக்குறளில் நட்பைப் பற்றி எந்த அதிகாரத்தை முதலில் படிக்கலாம்?

பதில்: 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் உள்ளன. நான் 81ஆம் அதிகாரமான 'பழைமை'யையே சொல்வேன். நண்பர் நோகும்படி ஏதேனும் செய்தால், அதை அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ கொள்க என்கிறது 805ஆம் குறள். அதைப் படித்துவிட்டு மீண்டும் புறநானூற்றுக்குச் சென்றால், பொத்தியாரின் வாயில் 'அன்பிலாள' என்னும் சொல் எப்படி ஒலித்திருக்கும் என்பது விளங்கும்.