‘எல்லாம் நார்மல்’ என்ற பிறகும் ஏன் தங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 30, கணவருக்கு 34. திருமணமாகி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. விந்தணுப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் செய்தாயிற்று. ‘எல்லாம் நார்மல், காரணம் தெரியவில்லை’ என்கிறார் மருத்துவர். ‘என்ன, விசேஷம் ஏதும் இல்லையா?’ என்ற கேள்விக்கு அஞ்சி வளைகாப்புகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். மனதை லேசாக வைத்துக்கொண்டால் தானாகத் தங்கும் என்கிறார் அத்தை. எங்கள் ஊரில் இதற்கான ஆலோசகர் இல்லை. இணையவழி வகுப்புகளிலும் ஆலோசனைக் குழுக்களிலும் சேரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: அத்தை சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் அன்பினால்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் ‘நீ கவலைப்படுவதால்தான் தங்கவில்லை’ என்ற பழி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது, அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. கருத்தரிப்புச் சிகிச்சை பெற்ற 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியான கட்டுரை, சிகிச்சைக்கு முன்பிருந்த மனக்கலக்கத்துக்கும் அந்தச் சுற்றில் கரு தங்குவதற்கும் தொடர்பு காணவில்லை. நீங்கள் அழுத இரவுகள் எதையும் கெடுத்துவிடவில்லை. மனத்துக்கு ஆறுதல் தேடுவது கரு தங்குவதற்காக அன்று. உங்களுக்காகவே அது வேண்டும்.

‘காரணம் தெரியவில்லை’ என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். கருமுட்டை வெளியாகிறதா, குழாய்கள் திறந்திருக்கின்றனவா, விந்தணுக்கள் போதுமான அளவில் உள்ளனவா என்பவற்றைத்தான் வழக்கமான பரிசோதனைகள் காட்டும். முட்டையின் தரம், விந்தணு முட்டைக்குள் நுழைவது, கரு கருப்பைச் சுவரில் பதிவது ஆகியவை அவற்றின் கண்ணுக்குத் தெரிவதில்லை. குழந்தையின்மைக்காக மருத்துவரிடம் வரும் நூறு தம்பதியரில் 15 முதல் 30 தம்பதியர் வரை இந்தப் பிரிவில்தான் வருகிறார்கள்.

இணையவழி வகுப்பில் தாராளமாகச் சேருங்கள். முறையான வகுப்பு என்றால், கருத்தரிக்க ஏற்ற நாட்களைக் கணிப்பதை முதலில் கற்பிக்கும். எல்லாப் பெண்களுக்கும் மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து பதினான்காம் நாளில்தான் முட்டை வெளியாகும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். 32 நாள் மாதவிலக்குச் சுழற்சி உள்ளவருக்கு அது ஏறத்தாழ பதினெட்டாம் நாளில் நிகழும், அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் ஏற்ற காலம். குழுவிலோ வேறொரு பயன் உண்டு: உறவினர் எவரும் அறியாமல், முகம் காட்டாமல், இதே துயரத்தில் இருக்கும் இன்னொருத்தியிடம் தமிழிலேயே மனம்விட்டுப் பேசலாம். சிறிய ஊரில் வசிக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் நடத்துபவர் யார் என்று பார்த்துச் சேருங்கள். மருத்துவர் என்று சொல்லிக்கொள்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி அவர் அதைத் தெரிவித்தாக வேண்டும். நிச்சயம் குழந்தை பிறக்கும் என்று உறுதி அளிப்பவரிடமிருந்தும், வகுப்பு முடிவில் லேகியமோ மாவோ விற்பவரிடமிருந்தும் உடனே விலகிவிடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டுகளைக் குழுவில் பகிர வேண்டாம்; மற்றொருத்திக்கு எழுதித் தந்த மாத்திரையை நீங்கள் வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

வகுப்பில் இருக்கிறோம் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். மூன்றரை ஆண்டுகள் காத்தாயிற்று. முட்டை வளர மருந்து கொடுத்து, அதனுடன் ஐ.யூ.ஐ. (விந்தணுக்களை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்வதையே முதல் சிகிச்சையாக 2023இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இது உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே இணைத்துக் கருவைக் கருப்பையில் வைப்பது) வரை போக நேர்ந்தால், வெற்றி வாய்ப்பு, பக்கவிளைவு, செலவு ஆகியவற்றை முன்கூட்டியே விளக்க வேண்டியது செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைகளை முறைப்படுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மையத்தின் கடமை.

கேள்வி: என் மனைவி இத்தகைய வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். எனக்கு இரவுப் பணி. நானும் உட்கார வேண்டுமா? – வாசகர், திருப்பூர்.

பதில்: அவசியம் உட்காருங்கள். மனைவி தனியே கற்று, தனியே நாள் கணக்கிட்டு, மாதவிலக்கு வந்த அன்று தனியே உடைந்துபோவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். வகுப்பைப் பதிவுசெய்து தருவார்களா என்று கேளுங்கள். விடுமுறை நாளில் இருவரும் சேர்ந்து பாருங்கள். உங்கள் வீட்டாரின் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், அதை அவளிடம் விடாதீர்கள். உறக்கமோ சாப்பாடோ கெடும் அளவுக்கு இருவரில் ஒருவருக்கு மனம் தளர்ந்தால், மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.