பதில்: ஜிப் இணைத்த மெயில் இன்பாக்ஸிலும் இல்லை, ஸ்பாமிலும் இல்லை

ஒருவர் அனுப்பிய பாஸ்வேர்ட் போட்ட ஜிப் உங்களுக்கு வரவே இல்லை, அவருக்கும் மெயில் திரும்பிப் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் உங்கள் மெயில் சர்வரின் குவாரண்டைனில், அதாவது சந்தேகமான மெயில்களைத் தனியே நிறுத்திவைக்கும் இடத்தில், கிடக்கும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அட்மின்தான் எடுத்துவிட வேண்டும். ஸ்பாம் ஃபோல்டரில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

பாஸ்வேர்ட் போட்ட ஜிப் என்கிறீர்களே, அதுதான் காரணமாக இருக்கும். கிளாம்ஏவி போன்ற வைரஸ் ஸ்கேனரால் அதன் உள்ளே பார்க்க முடியாது. வைரஸ் அனுப்புகிறவர்களும் இதே வழியில் வருவதால் பல அட்மின்கள் அப்படியே நிறுத்திவைக்கிறார்கள்.

அனுப்பியவருக்கு ஏன் பவுன்ஸ் (மெயில் சேரவில்லை என்ற தகவல்) போகவில்லை? வைரஸ் மெயிலில் அனுப்புநர் முகவரி அநேகமாகப் போலி. வாங்கிக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பினால் சம்பந்தமே இல்லாத யாருக்கோ போய் விழும். மெயிலை வாங்குவதற்கு முன், வாசலிலேயே 550 என்ற மறுப்புக் குறியீட்டைச் சொல்லி மறுப்பதுதான் முறை. சத்தமில்லாமல் விழுங்கும் சர்வர்களை எனக்குப் பிடிக்காது.

அனுப்பியவரிடம் அந்த மெயிலின் மெசேஜ்-ஐடியையும் (ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள தனி அடையாளம்) அனுப்பிய நேரத்தையும் வாங்கி, அட்மினை சர்வரின் பதிவேடான லாகில் தேடச் சொல்லுங்கள். சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டதைச் சொல்லும் வரி ஆங்கிலத்தில் இப்படி இருக்கலாம்:

250 2.0.0 Ok: queued as ...

அப்படி இருந்தால் மெயில் உங்கள் சர்வருக்கு வந்துவிட்டது. அந்த அனுப்புநரின் சர்வர் உங்கள் சர்வரைத் தொடர்புகொள்ளவே இல்லை என்றால் அவர் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அவருடைய டொமைனை (முகவரியில் @-க்குப் பின் வரும் பகுதி) மொத்தமாக வொயிட்லிஸ்ட் பண்ணச் சொல்லாதீர்கள், அதாவது அங்கிருந்து வரும் எதையும் சோதிக்காமல் விடச் சொல்லாதீர்கள். ஃப்ரம் முகவரியில் யார் பெயரையும் யாரும் போடலாம். அந்த ஒரு மெயிலை மட்டும் விடச் சொல்லுங்கள், அதுவும் சீக்கிரம்: பழைய குவாரண்டைனைத் தானாக அழிக்கும் சர்வர்கள் நிறைய.