விமானச்சீட்டுக்கு முன் அடையாள அட்டை: பாவனையாளர் கேள்வி-பதில்

கேள்வி: சீனக்குடாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் செல்லவிருக்கிறோம். நாட்டுக்குள்ளே போவதற்கும் கடவுச்சீட்டு வேண்டுமா? (உப்புவெளி)

வேண்டியதில்லை. இலங்கையருக்குத் தேசிய அடையாள அட்டையே போதும். அது கையில் இல்லாதவர்கள் கடவுச்சீட்டையோ சாரதி அனுமதிப்பத்திரத்தையோ காட்டலாம். சீனக்குடா ஓடுபாதை விமானப்படைத் தளத்துக்குள் இருப்பதால் உங்களை வழியனுப்ப வருபவர்களும் தங்கள் அட்டைகளைக் கொண்டுவருவது நல்லது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் உடன் வந்தால் அவர் தமது கடவுச்சீட்டை எடுத்துவர வேண்டும்.

கேள்வி: கைபேசியில் அட்டையின் படம் இருக்கிறது. அதைக் காட்டலாமா? (கிண்ணியா)

முடியாது. மூல அட்டையைக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: ஒன்பது இலக்கமும் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டை இன்னும் செல்லுமா? (தம்பலகாமம்)

செல்லும். பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை இப்போது வழங்கப்பட்டாலும் பழையது செல்லாமற் போகவில்லை. ஆனால் படத்திலுள்ள முகமும் இலக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும். நடைபாதைக் கடையொன்றில் நான் வாங்கிய மலிவான பிளாஸ்ரிக் உறை, வெயிலில் இளகி என் அட்டையோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது எழுத்துகளையும் சேர்த்து உரித்துவிட்டது. அவ்வாறான உறைகளை வாங்காதீர்கள். அட்டை சிதைந்திருந்தால் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் புதியதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: முகவர் ஒருவரிடம் தொலைபேசியில் அம்மாவின் பெயரைச் சொல்லி, இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சீட்டு எடுத்தேன். பெயர் அட்டையோடு பொருந்தவில்லை என்று அம்மாவை ஏற்றவில்லை. திருத்துவதற்கென்று முகவர் புதுச் சீட்டின் விலையையே மறுபடியும் வாங்கினார். பற்றுச்சீட்டும் தரவில்லை. (மட்டிக்களி)

உங்கள் அம்மா விமான நிலையத்தில் பட்ட அலைச்சலை நினைக்க வருத்தமாக இருக்கிறது. இதில் உங்கள் பிழையைவிட முகவரின் பிழையே பெரிது. அட்டையைப் பாராமல், காதில் விழுந்ததைத் தட்டச்சு செய்து சீட்டு விற்கும் வழக்கத்தைப் பற்றி இந்தக் கேள்வி-பதில் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன். அது நிற்கும்வரை எழுதுவேன். நம் பெயர்களில் தந்தை பெயர் முன்னால் நிற்கும், சில இடங்களில் அதன் முதலெழுத்து மட்டுமே நிற்கும், திருமணமான பெண்ணின் பெயரோடு சில ஆவணங்களில் தந்தையின் பெயரும் வேறு சிலவற்றில் கணவரின் பெயரும் இருக்கும். சீட்டுப் பதியும் கணினியோ குடும்பப்பெயருக்கு ஒன்று, சொந்தப் பெயருக்கு ஒன்று என இரு கட்டங்களையே தருகிறது. பழைய அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் பெயர் இல்லாததால், தவமணி என்ற பெயரின் முதலெழுத்தான தகரத்தை ஒருவர் T என்று ஓர் எழுத்திலும் இன்னொருவர் Th என்று ஈரெழுத்திலும் எழுதிவிடுகிறார்கள். இத்தனையும் அன்றாடம் சீட்டு விற்பவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அட்டையையோ கடவுச்சீட்டையோ கேட்டு வாங்காமல், எழுதிய பெயரை ஒருமுறை வாசித்துக் காட்டாமல் பணத்தைப் பெற்றுக்கொண்டு, பிறகு தமது கவனக்குறைவுக்கும் கட்டணம் வாங்குவது அநியாயம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வணிகரின் கடமை. முதலில் முகவரிடம் இரு கொடுப்பனவுகளுக்கும் பற்றுச்சீட்டை எழுத்தில் கேளுங்கள். விமான நிறுவனம் திருத்தத்துக்கு உண்மையில் எவ்வளவு அறவிட்டது என்பதை நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டு அறியுங்கள். பின்னர் வங்கிச் சிட்டை, குறுஞ்செய்திகள், இரண்டு சீட்டுகளின் பிரதிகள் ஆகியவற்றை இணைத்து அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். மூன்று மாதம் கடக்கவிடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம்.

கேள்வி: மகளுக்கு 9 வயது, மகன் கைக்குழந்தை. அவர்களுக்கு எதைக் காட்டுவது? (சாம்பல்தீவு)

தேசிய அடையாள அட்டை 15 வயதிலிருந்துதான் கிடைக்கும். ஆகவே இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும், கடவுச்சீட்டு இருந்தால் அதையும் கொண்டு செல்லுங்கள். குழந்தைக் கட்டணம் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கே என்பதால் வயதுக்குச் சான்று அவசியம்.

கேள்வி: சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் போகும்போது கடவுச்சீட்டை விடுதியில் வைத்துவிட்டு இலங்கை அடையாள அட்டையைக் காட்டலாமா? (திருகோணமலை நகர்)

கூடாது. ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை போன்றவை இந்தியர்களுக்கு உரியவை. அங்கே நீங்கள் வெளிநாட்டவர், உங்கள் ஆவணம் கடவுச்சீட்டு. இலங்கையிலிருந்து கனடாவுக்குச் சுற்றுலா சென்று, ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குப் பறக்கும் நம்மவர்களுக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி: அட்டை தொலைந்து ஆறு மாதமாகிறது. நாளை மறுநாள் விமானம், சீட்டுப் பணமும் திரும்பாது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி போதுமா? தரகர் ஒருவர் உடனே எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். (மூதூர்)

ஆறு மாதம் வாளாவிருந்துவிட்டு, பணம் திரும்பாத சீட்டை வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். முறைப்பாட்டுப் பிரதி அட்டை தொலைந்ததற்குச் சான்று; உங்கள் முகத்துக்குச் சான்றல்ல. கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதனுடன் பயணம் செய்யுங்கள். இரண்டும் இல்லையென்றால் இன்றே விமான நிறுவனத்தை அழைத்துத் திகதியை மாற்றுங்கள். தரகருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடம் சென்று விண்ணப்பத்தை உறுதிப்படுத்திப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள். மிக அவசரமென்றால் பத்தரமுல்லையில் ஆட்பதிவுத் திணைக்களத்தின் ஒருநாள் சேவை இருக்கிறது. அங்கும் கட்டணத்தைத் திணைக்களத்திடமே செலுத்திப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.