அணில் ஏழாம் மாடிக்கு எப்படி வரும்?

வணக்கம் மிஸ்,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் ஏழாம் மாடியில் இருக்கிறோம், நானும் கணவரும் ஆறு வயது மகனும் என் அம்மாவும். மகனுக்குக் கீழ் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கி இரண்டு கிழமை. நாங்கள் சந்தோஷப்பட்டுப் படமெல்லாம் எடுத்தோம், அவனோ அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. பாணைத் தேநீரில் ஊறவைத்துக் கொடுத்தால்தான் இறங்குகிறது. இரவில் எழும்பிப் போய்க் குளியலறைக் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான், அம்மாவின் கட்டுப்பல் கிளாஸும் அங்கேதான் இருக்கிறது, தட்டி உடைத்துவிடுவானோ என்று எனக்குப் பயம். நோகுதா என்று கேட்டால் இல்லை என்கிறான்.

போன சனிக்கிழமை இரவு மடியில் படுத்திருந்தவன் திடீரென்று, "அம்மா, அணில் லிஃப்டில் வருமா?" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விழுந்த பல்லைக் கூரைக்கு மேல் எறிந்தால் அணில் அதை எடுத்துக்கொண்டு புதுப்பல் தரும் என்று அம்மா சொல்லியிருக்கிறா. எங்களுக்கு ஏது கூரை, மேலே எட்டாம் மாடிக்காரரின் வீடு. நான் சிரித்துவிட்டேன் மிஸ். அவன் விம்மி விம்மி அழுதான்.

"நாங்கள் செல்லுக்குப் பயந்தம், நீ பல்லுக்குப் பயப்பிடுறியோ" என்று அம்மா பேசினா. அவவையும் குறை சொல்ல முடியாது, சண்டைக் காலத்தில் செல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் என்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவ. ஆனால் அதற்குப் பிறகு அவன் அணிலைப் பற்றி வாயே திறப்பதில்லை. இது சாதாரணமா, பிள்ளைக்கு ஏதாவது பிரச்சினையா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டுப்பல் கிளாஸைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அவன் இடத்தில் நின்று பாருங்கள்: பல் விழும், அணில் வந்தால் புதுப்பல் முளைக்கும். சரி, அணில் வராவிட்டால்? அதற்கான பதில் ஒவ்வொரு இரவும் அந்தக் கிளாஸில் தண்ணீருக்குள் கிடக்கிறது. அம்மம்மாவிடம் அணில் வரவில்லை என்று அவன் நினைத்திருக்கலாம். என் ஊகம் சரியோ என்று அவனிடமே கேளுங்கள், "அம்மம்மாட பல் ஏன் திரும்ப முளைக்கேல்லை எண்டு நினைக்கிறாய்?" என்று. கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை திருத்தாமல் இருங்கள்.

2 வயதிலிருந்து 7 வயது வரையான சிந்தனையை ஒரு தனிக் கட்டமாகவே பிரித்தார் சுவிஸ் உளவியலாளர் பியாஜே. கண்ட இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பிள்ளை தானே ஒரு காரணம் கட்டிக்கொள்ளும் வயது அது. தோடம்பழக் கொட்டையை விழுங்கிவிட்டு, வயிற்றில் மரம் முளைத்துவிடும் என்று தண்ணீர் குடிக்க மறுக்கிற பிள்ளைகள் உண்டு, கொமட்டில் தண்ணீர் திறந்தால் தன்னையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று உட்காரப் பயப்படுகிற பிள்ளைகளும் உண்டு. இவர்கள் புத்தி குறைந்தவர்கள் அல்ல, தெரிந்த அளவை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

அதனால் "பயப்படாதே" என்பது அவன் காதில் ஏறாது. அவனுக்குத் தகவல் வேண்டும். பாற்பற்கள் 20, ஆறு வயதளவில் பெரும்பாலும் கீழ் முன்பல்தான் முதலில் ஆடும், 12 வயதளவில் எல்லாம் மாறி முடியும். புதுப்பல் இப்போதே முரசுக்குள் இருக்கிறது, அது மேலே வர வர பாற்பல்லின் வேர் கரைகிறது, அதனால்தான் ஆடுகிறது. அணில் வந்தாலும் வராவிட்டாலும் அது முளைக்கும். இந்தக் கடைசி வசனத்தை இரண்டு மூன்று தடவை சொல்லுங்கள்.

கட்டுப்பல் கதையை அம்மம்மாவே சொல்லட்டும், தன்னுடையது இரண்டாம் முறை வந்த பல், அது விழுந்தால் பிறகு முளைக்காது என்று. செல்லடியில் பிள்ளையைக் காப்பாற்றிய மனுஷிக்கு இது சின்ன விஷயமாகத்தான் தெரியும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பேச்சு வாங்கிய பிறகு அவன் பயம் குறையவில்லை, அதைச் சொல்வதைத்தான் நிறுத்தியிருக்கிறான். நீங்கள் சிரித்ததற்கும் ஒரு தடவை "நான் சிரிச்சது பிழை" என்று சொல்லிவிடுங்கள்.

அணிலைப் பொய் என்று இப்போது அடித்துச் சொல்லத் தேவையில்லை. சொந்தக்காரர் யாருக்காவது ஓட்டுக்கூரை வீடு இருந்தால் பல்லை அங்கே கொண்டுபோய் எறியலாம், எந்த வீடு என்று அவனே முடிவெடுக்கட்டும்.

பல் விழுந்த பிறகும் சாப்பாடு, நித்திரை, பள்ளிக்கூடம் என்று கிழமைக்கணக்கில் குழம்பினால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் விழுந்து தொலைந்துவிட்டால், சோற்றோடு விழுங்கிவிட்டால் என்ற யோசனையும் அவனுக்கு இருக்கக்கூடும். விழுங்கினால் ஒன்றும் ஆகாது, தானாக வெளியே போய்விடும் என்று சொல்லிவையுங்கள். நாளைக்கே ஒரு வெறும் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் புத்தகப் பையில் போட்டுவிடுங்கள்.