மேலும் கீழும் ஒரே எண் இருந்தால் அடித்துவிடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மகள் ஒன்பதாம் வகுப்பு. சாதாரணப் பின்னக் கணக்கெல்லாம் சரியாகப் போடுகிறாள், எழுத்து வந்தால் தடுமாறுகிறாள். (3க + 6)/3 என்பதில் மேலும் கீழும் 3-ஐ அடித்து, க + 6 என்று எழுதினாள். தப்பு என்று போட்டுவிட்டார்கள். ஏன்? அடுத்த வருஷம் மேத்ஸ் எடுப்பதா, மேத்ஸ் லிட்ரசியா என்றும் குழப்பம்.” (நோட்டில் உள்ள எக்ஸுக்குப் பதில் இங்கே க. மேத்ஸ் லிட்ரசி என்பது மேத்ஸுக்குப் பதிலாக எடுக்கும், அன்றாட வாழ்க்கைக் கணக்குகளுக்கான பாடம்.)

அடிக்கலாம் அம்மா, ஆனால் மேலே உள்ள முழுவதையும் பெருக்கி நிற்பதை மட்டும்தான். மூன்று டப்பா சமோசாவும் தனியாக 6 சமோசாவும் இருக்கின்றன. மூன்று பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு டப்பா, 2 சமோசா. உங்கள் மகள் டப்பாவை மட்டும் பங்கிட்டு, ஆளுக்கு ஆறு சமோசா கொடுத்துவிட்டாள்.

அதனால் முதலில் பொதுக் காரணியை வெளியே எடுக்க வேண்டும்: 3(க + 2)/3. இப்போது 3-ஐ அடிக்கலாம், விடை க + 2. (க² − 9)/(க + 3) என்பதும் இப்படித்தான். மேலே (க + 3)(க − 3) என்று பிரித்தால் க − 3 மிஞ்சும். க-வின் மதிப்பு மட்டும் −3 ஆக இருக்கக் கூடாது, பகுதி (கீழே உள்ளது) பூச்சியமாகிவிடும்.

(க + 6)/க வந்தால்? பொதுக் காரணி எதுவும் இல்லை, அப்படியே விட வேண்டியதுதான். இங்கேதான் பிள்ளைகள் பதறி எதையாவது அடித்துவிடுகிறார்கள்.

விடை சரியா என்று அவளே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. க-வுக்கு 5 போடச் சொல்லுங்கள். (15 + 6)/3 = 7. அவள் விடையில் 11 வரும், க + 2-இல் 7 வரும். 0, 1 இரண்டையும் போட வேண்டாம், சில தப்புகள் அவற்றில் மறைந்துவிடும்.

கூட்டலுக்கும் இதே சோதனைதான். க/2 + க/3 என்பதற்கு 2க/5 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். க 6 என்றால் 3 + 2 = 5 வர வேண்டும், 12/5 அல்ல. பகுதியை 6 ஆக்கினால் 3க/6 + 2க/6 = 5க/6. அப்புறம், சமன் குறி இல்லாத கோவையை 6-ஆல் பெருக்கிப் பகுதியை ஒழித்துவிடக் கூடாது. அது சமன்பாட்டில் மட்டும் செல்லும்.

இந்த ஒரு தப்புக்காக மேத்ஸை விட்டுவிடாதீர்கள். பொறியியல் பக்கம் போக நினைத்தால் மேத்ஸ் லிட்ரசி போதாது. காரணிப்படுத்தும் கணக்குகளைச் சில வாரம் தினமும் போட்டுப் பழகட்டும், அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.