அம்பு விட்டபின் அரை மணி நேரம்

கேள்வி: ஓஹையோவில் கொலம்பஸ் பக்கம் ஆறு வருடமாக எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவரின் குடும்பத்துக்கு 80 ஏக்கர் பண்ணை. மக்காச்சோளமும் சோயாவும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நடுவில் ஓடையும் சிறு காடும் உண்டு. அக்டோபரில் வெண்வால் மான் வில்வேட்டைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மொத்தம் நான்கு பேர். ஒரு வருடமாகப் பயிற்சி ரேஞ்சில் காம்பவுண்ட் வில் (கப்பிகள் வைத்த நவீன வில்) பழகுகிறேன். 40 கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் அம்புகள் விழுகின்றன. இது போதுமா? வேறு எதற்குத் தயாராக வேண்டும்? விசா தடையா?

பதில்: விசா தடையில்லை. தற்காலிக விசாக்காரர்களுக்கான மத்தியச் சட்டக் கட்டுப்பாடு துப்பாக்கிகளைப் பற்றியது. வில் அதில் வராது. ஓஹையோவில் ஆறு மாதம் குடியிருந்தவர் உள்ளூர்க்காரர் கட்டணத்திலேயே வேட்டை உரிமம் வாங்கலாம். முதல்முறை வாங்குபவர் ஹண்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்திருக்க வேண்டும். முடியவில்லையென்றால் அப்ரென்டிஸ் (பயிலுநர்) உரிமம் வாங்கி, உரிமம் உள்ள பெரியவர் ஒருவரோடு போகலாம். மானுக்கான பெர்மிட் தனி. நண்பரின் நிலம்தானே என்று இருந்துவிடாதீர்கள். தனியார் நிலத்தில் வேட்டையாட உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி கட்டாயம். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிய நமக்கு இந்தக் காகிதங்கள் வெறும் சடங்காகத் தோன்றும். ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓஹையோவில் மானே இல்லாமல் போயிருந்தது. இத்தகைய கட்டுப்பாடுகளோடுதான் அது மீண்டு வந்தது.

அடுத்து உங்கள் 40 கஜம். அந்தத் தூரத்தை மறந்துவிடுங்கள், முதல் வருடம் 20 கஜத்தைத் தாண்டாதீர்கள் என்பேன். உங்கள் குறி மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. ரேஞ்சில் இருக்கும் அட்டை நகராது, மான் நகரும். நாண் விடுபடும் ஓசை நொடிக்கு 1,100 அடி வேகத்தில் போகிறது, அம்பு 280 அடிக்குப் பக்கம்தான். 40 கஜத்தில் ஓசை போய்ச் சேர்ந்த பிறகும் அம்பு வந்து சேர முக்கால் பங்கு தூரம் பாக்கி. மிரண்ட மான் பாய்வதற்கு முன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலேயோ, முதுகெலும்பை உரசியோ போகும். 20 கஜத்தில் அந்த அவகாசம் பாதியாகிவிடும்.

பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். ரேஞ்சில் நாற்பது அம்பு விட்டுக் கை சூடான பிறகு விழும் அம்புகளை வைத்து உங்களை எடை போடாதீர்கள். காலையில் எழுந்ததும், வேட்டைக்குப் போடும் கனத்த சட்டையோடு, ஒரே ஒரு அம்பு விடுங்கள். அது எங்கே விழுந்தது என்று குறித்து வையுங்கள். இருபது நாள் இப்படிக் குறித்தால் உங்கள் உண்மையான திறமை தெரிந்துவிடும், ஏனென்றால் பரணில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த முதல் அம்பு மட்டும்தான். வேட்டைக்குப் போடும் பிராட்ஹெட் என்ற அகன்ற கத்தி முனையோடும் பழகுங்கள். பயிற்சி முனை போன இடத்துக்கே அது போகும் என்று சொல்ல முடியாது. ஓஹையோவில் வில்லின் இழுவிசை குறைந்தது 40 பவுண்டு, முனையின் அகலம் முக்கால் அங்குலம் இருக்க வேண்டும்.

பரண் என்றேன், இங்கே ட்ரீ ஸ்டாண்ட் என்பார்கள். மான் வேட்டையில் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் இதிலிருந்து விழுந்துதான். முழு உடல் ஹார்னெஸ் (உடலைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்டாமல் ஏறவே கூடாது. மேலே உட்கார்ந்த பிறகு மாட்டினால் போதாது. தரையில் கால் இருக்கும்போதே, மரத்தில் மேலிருந்து கீழ்வரை கட்டிய உயிர்க்கயிற்றில் கொக்கியைக் கோத்துவிட்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கூடவே நகர்த்துங்கள். வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். அம்புகளை மூடிய தூணியில் வைத்து, மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள்.

யார் எங்கே உட்காருவது என்பதைக் காற்று முடிவு செய்யட்டும். பகலில் மான்கள் காட்டிலும் ஓடைக்கரைப் புதரிலும் படுத்திருக்கும், பொழுது சாயும்போது சோயாவுக்கு வரும். வேலியோரம் நீளும் மரவரிசை, ஓடை குறுகுமிடம், காட்டின் மூலை வயலைத் தொடுமிடம் ஆகியவைதான் அவற்றின் பாதை. தென்மேற்குக் காற்றென்றால் அந்தப் பாதைக்கு வடகிழக்கில் உங்கள் பரண் இருக்க வேண்டும். ஏறப் போகும் வழியும் உங்கள் வாடை பாதையில் படாததாக இருக்க வேண்டும். மாலையில் காற்று குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். ஓடைக்கு மேலே உட்கார்ந்தால் உங்கள் வாடையும் ஓடைக்கு இறங்கிவிடும். அக்டோபரில் வெள்ளை ஓக் கொட்டைகள் கொட்டத் தொடங்கினால் மான்கள் சோயாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மக்காச்சோளம் அறுத்த அன்றும் எல்லாம் மாறும், நேற்றுவரை மறைவாக இருந்தது இன்று வெட்டவெளி. அதனால் அறுவடை எப்போது என்று நண்பரின் தந்தையிடமே கேட்டுவிடுங்கள்.

80 ஏக்கரில் நான்கு பேர் ஒரே மாலையில் உட்காருவது அதிகம். இரண்டு பேர் உட்காரட்டும், மற்ற இருவர் மறுநாள். உட்கார்ந்தவர் எத்தனை மணிக்கு இறங்குவார், எந்த வழியில் நடப்பார் என்பதை முன்னாலேயே பேசி வையுங்கள். இருட்டில் ஒருவர் முன்னதாக எழுந்து நடந்தால் மற்றவரின் வேட்டை அத்தோடு முடிந்தது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றுதான் எனக்கு முக்கியம்: அம்பு பட்ட பிறகு என்ன செய்வது?

என் முதல் வருடம். அக்டோபர் கடைசி, பொழுது சாயும் நேரம். அம்பு பட்டதும் பெண்மான் முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து காட்டுக்குள் போனது. பக்கத்திலேயே விழுந்துவிடும் என்று பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். அம்பை எடுத்துப் பார்த்தால் இரத்தம் கொஞ்சம்தான். தண்டு முழுக்கப் பச்சையும் பழுப்புமாக ஒரு பூச்சு, சாண வாடை. குடலில் பட்டிருக்கிறது என்று அந்த அம்பே சொன்னது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. டார்ச்சோடு பின்னால் போனேன். நூறு கஜத்தில் படுத்திருந்த அந்த மான் எழுந்து வேலியைத் தாண்டி ஓடியது. அடுத்த நிலத்துக்காரரைக் காலையில்தான் பிடிக்க முடிந்தது. ஓடைக்கரையில் கிடந்தது, பின்பாதியைக் கயோட்டிகள் (நரி போன்ற காட்டு விலங்குகள்) தின்றிருந்தன. நான் கீழே இறங்காமல் இருந்திருந்தால் அது முதலில் படுத்த இடத்திலேயே அமைதியாக முடிந்திருக்கும்.

ஆகையால் அம்பு விட்டதும் அசையாதீர்கள். மான் கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாலைத் தாழ்த்தி வேகமாக ஓடியது, அம்பில் நுரையோடு இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். அப்போதும் அரை மணி நேரம் பொறுங்கள். கருஞ்சிவப்பாக, நுரையில்லாமல் இருந்தால் ஈரல். நான்கிலிருந்து ஆறு மணி நேரம். பச்சைப் பூச்சும் வாடையும் இருந்தால் இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். வெதுவெதுப்பான இரவில் இறைச்சி கெடலாம் என்று மனம் பதைக்கும். ஆனாலும் மானைக் கிளப்பி மொத்தமாக இழப்பதைவிட அதுவே மேல்.

தேடப் போகும்போது நான்கு நண்பர்கள் இருப்பது பெரிய பலம். ஒருவர் கடைசி இரத்தத்துளி அருகிலேயே நிற்கட்டும், ஒருவர் அடுத்த துளியைத் தேடட்டும். மற்றவர்கள் தடத்தை மிதிக்காமல் பக்கவாட்டில் வரட்டும். ஒவ்வொரு துளியிலும் ஒரு டிஷ்யூ துண்டு வையுங்கள். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை ஒரு கோடாகத் தெரியும். அடுத்த நிலத்துக்குள் போக அனுமதி வேண்டும். அதற்குச் சீசனுக்கு முன்பே சுற்றியுள்ள பண்ணைக்காரர்களிடம் நேரில் போய்ப் பேசி எண்களை வாங்கி வையுங்கள்.

எந்தக் கோணத்தில் விடுவது என்பதும் இதோடு சேர்ந்ததே. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்றே அப்பால் திரும்பியிருக்க வேண்டும். உங்களை நேராகப் பார்த்து நிற்கும் மானுக்கு நாணை இழுக்காதீர்கள், எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சரி.

எதை வேட்டையாடுவது? ஓஹையோவில் ஒரு சீசனுக்குக் கொம்புள்ள ஆண் ஒன்றுதான். முதல் வருடம் பெண்மானே போதும். பயிர்ச் சேதத்தால் அலுத்துப்போன விவசாயிக்கும் அதுதான் உதவி. மான் தொகை பெருகுவதும் குறைவதும் பெண்மான்களைப் பொறுத்தது. கிடைத்ததும் மறுநாள் நண்பகலுக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். வயண்டாட் கவுண்டியில் 2020-இல் சிடபிள்யூடி என்ற மூளை நோய் காட்டு மானில் கண்டுபிடிக்கப்பட்டது. நண்பரின் பண்ணை அந்தக் கண்காணிப்புப் பகுதிக்குள் வருகிறதா என்று பாருங்கள், அங்கே விதிகள் வேறு. திரும்பி வந்ததும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள்.

குடலை அங்கேயே எடுத்து, வயிற்றறைக்குள் ஐஸ் பைகளை வைத்துச் சீக்கிரம் குளிரவையுங்கள். பங்கு போடும்போது முதல் பங்கு நிலத்துக்காரர் வீட்டுக்கு. உங்கள் பங்கைச் சமைக்கும்போது வெள்ளைக் கொழுப்பை முழுக்கச் சீவி எடுத்துவிடுங்கள், வாயில் மெழுகுபோல ஒட்டும். தொடையை ஆட்டுக்கறிபோல மிளகு போட்டு நெடுநேரம் வேகவைக்கலாம். முதுகெலும்பை ஒட்டிய நீளச் சதையை மட்டும் சூடான கல்லில் சட்டென்று வாட்டி எடுங்கள்.